பிள்ளை தவறாகச் செய்தால் திரை என்ன செய்கிறது?

"சார், பிள்ளைக்கு எந்தச் செயலி நல்லது?" குமரி மாவட்டக் கல்குளம் வட்டத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பெற்றோர் ஓயாமல் கேட்பது இதுதான். நான் திருப்பிக் கேட்பது: பிள்ளை தவறாகச் செய்தால் அந்தச் செயலி என்ன செய்யும்? பிள்ளை எப்படிக் கற்கிறது என்ற ஒரு கோட்பாடு ஒவ்வொரு செயலிக்குள்ளும் இருக்கிறது. தவறு நேரும் இடத்தில்தான் அது முகம் காட்டும். நான்கு வழிகளை வைத்துப் பார்ப்போம்.

முதலில் வினா-விடைப் பயிற்சிச் செயலி. இதன் வேர், வெளியே தெரியும் செயலைப் பாராட்டியும் திருத்தியும் பழக்குவதே கற்றல் என்னும் நடத்தைக் கோட்பாடு. 1953இல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். செய்தது சரியா என்று தெரியாமலேயே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவது அவரை உறுத்தியது. சிறுசிறு படிகள், உடனடி விடை, சரியானால் மீண்டும் செய்யத் தூண்டும் வலுவூட்டல் என்று கற்பிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். இன்றைய செயலிகளின் நட்சத்திரங்களும் மணியோசையும் அந்த வழி வந்தவையே. வாய்ப்பாட்டுக்கும், ர-ற, ல-ள-ழ மயங்கும் பிழைகளுக்கும் இதை நான் மனதார ஏற்கிறேன்; நாற்பது பேருக்கு உடனுக்குடன் திருத்தித்தர ஓர் ஆசிரியரால் முடியாது. ஆனால் தவறினால் பெரும்பாலும் ஒரு சிவப்புக் குறிதான். ஏன் தவறியது என்று அது கேட்பதில்லை.

அடுத்து காணொளிப் பாடம். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடநூலின் க்யூஆர் குறியீடும் காணொளிக்கே கொண்டுபோகிறது. நல்ல காணொளியை அளக்க, மனம் தகவலை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கும் அறிவுசார் கோட்பாடு உதவும். ஒரே நேரத்தில் மனம் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு என்பதை வைத்து 1988இல் உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் தம் சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். குரல் சொல்வதையே திரையில் வரிவரியாக ஓடவிட்டால் தெளிவு கூடாது, சுமைதான் கூடும். படமும் குரலும் போதும். எவ்வளவு நன்றாக எடுத்தாலும், பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டது காணொளிக்குத் தெரியாது. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

மூன்றாவது வழி, செய்து பார்ப்பது. என் மனம் சாய்வது இதன் பக்கம். பிள்ளை அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்ற சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் கருத்தை அவரோடு ஜெனீவாவில் பணியாற்றிய சேமூர் பாப்பர்ட் கணினிக்குக் கொண்டுவந்தார். 1967இல் பிறந்த, பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச், 2007இல் வந்தது, அந்த மரபின் பிள்ளை. இலவசம், இணையம் இல்லாமலும் இயங்கும்.

பயிற்சிச் செயலியில் "சமபக்க முக்கோணத்தின் உட்கோணம் 60 பாகை" என்று பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு மாணவியிடம் ஸ்கிராட்சில் அந்த முக்கோணத்தை வரையச் சொன்னேன். ஒவ்வொரு மூலையிலும் 60 பாகை திருப்பினாள். மூன்று பக்கங்களும் மூடாமல் அரை அறுகோணமாக நின்றன. யாரும் சிவப்புக் குறி போடவில்லை, படமே சொல்லிவிட்டது. எழுந்து தரையில் முக்கோணமாக நடந்து பார்த்தாள். நாம் உள்ளே இருக்கும் கோணத்துக்குத் திரும்பவில்லை, வெளிக்கோணம் 120க்குத் திரும்புகிறோம் என்று அவளே கண்டுகொண்டாள். அந்த 60ஐ அவள் அன்றுதான் உண்மையில் கற்றாள். இதற்கு ஒரு பாடவேளை முழுதும் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு நேரம் கிடைக்காது.

நான்காவது வழி, கூடிக் கற்பது. இதற்குத் தனிச் செயலியே வேண்டாம். பிள்ளை தனியே செய்ய முடியாததை, தெரிந்தவர் துணையோடு செய்யும். கற்றல் அந்த இடைவெளியில் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. அப்படியானால் ஆளுக்கொரு கணினி தராதது குறையே இல்லை. ஒரு கணினிக்கு மூவர் உட்கார்ந்து வாதாடுவது நல்லது.

இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மலைப்பக்கமுள்ள பேச்சிப்பாறைப் பள்ளியும் கடல்பக்கமுள்ள அகஸ்தீஸ்வரம் பள்ளியும் மழையை அளந்து ஒரே அட்டவணையில் பதிந்தால், எண்கள் ஒத்துப்போகாது. "நீங்கள் அளந்தது தப்பு" என்று சண்டை வரும். தப்பு அளவிலா, மலையிலா என்று அவர்களே தேட வேண்டும். அதற்காக என் வகுப்பில் தண்ணீர்ப் புட்டிகளின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, மில்லிமீட்டர் கோடு போட்டு வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைக்குக் காத்திருக்கிறோம்.