யன்னல் கேட்டின் கம்பி பூட்ட 46,500 ரூபா வாங்கிய கடை: திருகோணமலை ஆட்கள் தயவுசெய்து வாசியுங்கள்

46,500 ரூபா. திருகோணமலை நகரத்தில் கேட்டின் (யன்னல் திரை) துணியும் கம்பியும் விற்று, வீட்டுக்கே வந்து பூட்டியும் தருகிற ஒரு கடை எங்களிடம் வாங்கிய காசு இது. போன வாரம் அந்தக் கம்பி பெயர்ந்து அப்பாவின் தலையணையில் விழுந்தது. இன்று காலை கடைக்காரர் "எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முறைப்பாடு கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது. நடந்ததைச் சொல்கிறேன். கொங்கிறீட்டில் கம்பி பூட்டக் கொடுப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு உப்புவெளியில். அப்பாவின் அறையில் இரண்டு யன்னல், இரண்டும் கிழக்குப் பக்கம். விடிந்தால் கடலிலிருந்து எழும்பும் வெயில் நேரே கட்டிலில்தான் விழும். கண்புரை ஒப்பரேஷன் முடிந்து வந்த அப்பாவுக்கு அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். அதனால்தான் அவசரமாக அந்தக் கடைக்குப் போனோம். தடித்த துணி, ஸ்டீல் கம்பி, பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 42,500 என்றார்கள். 30,000 முற்பணம் கட்டினோம்.

பூட்ட வந்த பொடியன் மரியாதையாகப் பேசினான். யன்னலுக்கு மேலே சுவரை விரல் மொழியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கொங்கிறீட். சாதாரண ட்ரில் பிட் போகாது, வேற பிட் போடோணும், அதுக்கு 4,000 கூட வரும்" என்றான். சரி என்றேன். அப்பாவைப் பார்த்தான். "ஐயாட கட்டிலுக்கு மேல வாற கம்பி. என்ர அப்பாவுக்குப் பூட்டுற மாதிரிப் பூட்டுவன், நீங்க யோசியாதேங்கோ" என்றான். அடுத்து அவன் சொன்னதைத்தான் நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. "ஒப்பரேஷன் செய்த கண்ணுக்குத் தூசு கூடாது அக்கா. ஐயாவக் கூட்டிக்கொண்டு விறாந்தையில இருங்கோ, நான் கதவைச் சாத்திப்போட்டு வேலையைச் செய்யிறன்." எவ்வளவு அக்கறையான பிள்ளை என்று அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா.

கதவைச் சாத்தியது அப்பாவின் கண்ணுக்காக இல்லை. உள்ளே என்ன செய்கிறான் என்று நாங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக.

மிஷின் சத்தம் கீச்சென்று கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு இரும்பை அறுப்பது மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது இரண்டு கம்பியும் நேராக, துணி மடிப்பு மடிப்பாக, அறை இருட்டாக, எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கம்பியை இரண்டு விரலால் கீழே இழுத்துக் காட்டினான். "தொங்கலாம் அக்கா." மிச்சக் காசு 12,500, கடினச் சுவருக்கு 4,000, இரண்டையும் கையிலேயே எண்ணிக் கொடுத்தேன். மொத்தம் 46,500.

விழுந்தது ஒரு மத்தியானம். அப்பாவைக் கண்ணுக்கு மருந்து விட விறாந்தைக்குக் கூட்டி வந்திருந்தோம். உள்ளே பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கம்பி நடுவில் வளைந்து கட்டிலில் கிடக்கிறது. அதன் முனையில் இருக்கும் இரும்புக் குண்டு தலையணையில் பதிந்து கிடக்கிறது. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து பாய் முழுக்கச் சீமெந்துத் தூள். அந்தத் தலையணையில் சற்று முன்புவரை அப்பாவின் தலை இருந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கீழே கிடந்த ஸ்குரூ ஆணியை எடுத்துப் பார்த்தேன். கூர் இல்லை. பாதியில் அறுத்திருக்கிறது. கிடந்த அத்தனை ஆணியும் அப்படித்தான். அறுத்த இடம் கடற்காற்றுக்கு ஏற்கெனவே துருப்பிடித்துச் சிவந்திருந்தது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மேசன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏணியில் ஏறித் துளைக்குள் விரலை விட்டார். நகம் மறையுமளவுக்குக்கூட ஆழமில்லை. அவர் சொன்னது இதுதான். யன்னலுக்கு நேர் மேலே ஓடுவது லின்டல். கம்பி கட்டி ஊற்றிய கொங்கிறீட். யன்னலின் அகலத்தோடு நிற்காது, இரண்டு பக்கமும் சுவருக்குள் அரையடி மட்டில் ஏறியிருக்கும். கேட்டின் கம்பியைத் தாங்குகிற பிராக்கெட் வருகிற இடம் பெரும்பாலும் அதிலேதான். சும்மா சுற்றுகிற ட்ரில் மிஷின் அதில் வழுக்கும், பிட் சூடேறி முனை மழுங்கும். சுற்றிக்கொண்டே குத்துகிற ஹாமர் மிஷின்தான் வேண்டும். மேலே இருக்கிற சீமெந்துப் பூச்சு முக்கால் அங்குலம் மட்டில்தான், அதற்குப் பிடிமானம் கிடையாது. பூச்சைத் தாண்டி, ஆணியை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் முழுக்கக் கொங்கிறீட்டுக்குள் இறங்க வேண்டும். அதற்கு இரண்டு, இரண்டரை அங்குல ஆணி தேவை. உள்ளே இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் பிராக்கெட்டை ஒரு அங்குலம் தள்ளி வைக்கலாம். இல்லையென்றால் லின்டலுக்கு மேலே கல்லுக் கட்டில் ஏற்றிப் பூட்டலாம். வழியில்லாமல் இல்லை.

இந்தப் பொடியன் பூச்சில் மட்டும் ஓட்டை போட்டிருக்கிறான். பிட் கொங்கிறீட்டில் பட்டுச் சுழன்ற கறுப்புத் தடம் அப்படியே இருக்கிறது. உள்ளே இறங்கவில்லை என்றதும் பிளக்கையும் ஆணியையும் அறுத்துக் குட்டையாக்கி, வெள்ளைச் சீமெந்தை அப்பி ஒட்டியிருக்கிறான். ஆறடிக் கம்பிக்கு நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும், அதுவும் இல்லை. வேறு பிட்டுக்கென்று வாங்கிய 4,000 ரூபாவுக்கு எந்தப் பிட்டும் வரவில்லை. மாமா தன்னுடைய ஹாமர் மிஷினைக் கொண்டுவந்து அதே லின்டலில் ஒரு துளை போட்டுக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற யன்னலும் அதே மாதிரித்தான் இருந்தது, பயத்தில் நாங்களே கழற்றி வைத்தோம்.

இனிக் கடைக்காரர்களின் கதை. முதல் போனில், "ஐயோ அக்கா, பின்னேரம் பொடியனை அனுப்புறன்." வரவில்லை. அடுத்த நாள், "அவன் மூதூருக்கு வேலைக்குப் போயிட்டான்." அதற்குப் பிறகு கடையில் நிற்கும் பிள்ளைதான் எடுக்கும், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்." முதலாளி பின்னால் கதைக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது! நேரே போனேன். அறுத்த ஆணிகளை மேசையில் வைத்தேன். முதலாளி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "உங்கட சுவர் சரியில்லை" என்றார். கொங்கிறீட் என்று சொல்லி 4,000 கூட வாங்கினீர்களே என்றேன். "நாங்க விக்கிறது கம்பி. பூட்டுற ஆக்கள் வேற, அது நீங்களும் அவரும் பேசினது." பில்லில் பூட்டுக்கூலியோடு என்று உங்கள் கடையின் சீல் இருக்கிறதே என்று காட்டினேன். உடனே கதையை மாற்றினார். "வயசான ஆள்தானே, கேட்டினைப் பிடிச்சு எழும்பியிருப்பார்."

அப்பா அந்தத் துணியில் கை வைத்ததே இல்லை. கட்டிலை விட்டு எழும்ப அம்மாவின் தோளைத்தான் பிடிப்பார். கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்த மனுசன் மேல் பழியைப் போடுவதற்கு ஒருவருக்கு எப்படி நா எழும்புகிறது? இன்று காலை மறுபடி போனேன். சம்பந்தமில்லை என்றார். வீட்டுக்கு வந்து போன் எடுத்தால் என் நம்பரை புளொக் பண்ணியிருக்கிறார்கள். 46,500 ரூபா கொடுத்து, இப்போது அப்பாவின் யன்னலில் பழைய பெட்சீட் ஒன்று கிறில்லில் கட்டிக் கிடக்கிறது.

பூட்டக் கொடுப்பவர்களுக்கு: எந்த மிஷின் கொண்டு வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள், ஹாமர் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஆணியைக் கையில் வாங்கி நீளத்தைப் பாருங்கள். என்ன காரணம் சொன்னாலும் ஒருவர் அறைக்குள் நில்லுங்கள். பில்லில் பூட்டுக்கூலியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 1977க்கு அழைக்கலாம். மிச்சம் எழுத இப்போது என்னால் முடியவில்லை.

நகரத்தில் கேட்டின் பூட்டிக் கொடுத்த யாருக்காவது ஆணி இப்படி அறுத்திருந்தால் படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம். அந்த 46,500 ரூபாவை நான் விடப் போவதில்லை.