"எந்த நம்பருக்கும் ஃப்ரீ கால்" என்று சொல்லும் ஆப்பிடம் கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசுவதற்காக, "எந்த நாட்டுக்கும், எந்த நம்பருக்கும், முற்றிலும் இலவசம்" என்று போட்டிருக்கும் மெசேஜ் ஆப் எதையாவது இறக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் கார்டிலிருந்து வாராவாரம் பணம் போனது ஒரு பக்கம். என் போனில் இருந்த அத்தனை பேருக்கும் என் பெயரில் மெசேஜ் போனது இன்னொரு பக்கம். பணம்கூடப் போகட்டும், இரண்டாவதுக்கு இன்றைக்கும் ஆள் ஆளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெட் வழியாக இலவசமாகப் பேசுவது பொய் இல்லை. 2003-ல் ஸ்கைப் வந்ததிலிருந்து நடந்துகொண்டிருக்கிற விஷயம்தான். 2015-ல் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் கால் வந்த பிறகு வெளிநாட்டு கால் பில்லை நினைத்துப் பயப்படுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், வைபர் எதுவாக இருந்தாலும், இரண்டு பக்கமும் ஒரே ஆப் இருந்தால் நெட்டுக்குக் கொடுக்கிற காசோடு சரி.

எங்கள் வீட்டில் சிக்கல் சித்தப்பாதான். அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். பட்டன் போன் ஒன்று, வீட்டு லேண்ட்லைன் ஒன்று. இரண்டிலும் ஆப் போட வழியில்லை. அவருக்காகத்தான் தேடினேன், தேடியதும் முதல் வரிசையிலேயே இந்த ஆப் வந்து நின்றது. பச்சை ஐகான், நடுவில் ரிசீவர் படம், நான்குக்கு மேல் ஸ்டார். தெரிந்த ஆப்பின் தம்பி மாதிரி இருந்தது.

திறந்ததும் வரிசையாகக் கேட்டது: மைக், கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், போன், லொகேஷன். பேசுவதற்கு மைக் வேண்டும், அது நியாயம். எஸ்எம்எஸ் எதற்கு? கேட்டால், "நம்பரைத் தானாகவே சரிபார்க்க" என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கான்டாக்ட்ஸ் மறுத்தால் அடுத்த பக்கத்துக்கே போகாது. வாட்ஸ்அப்பில்கூட கான்டாக்ட்ஸ் கொடுக்காமல் நம்பரைத் தட்டிப் பேசிவிடலாம். இங்கே அந்த வழியை அடைத்தே வைத்திருந்தார்கள்.

உள்ளே போனால் சித்தப்பா பெயருக்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்றில் "ஃப்ரீ கால்", இன்னொன்றில் வெறும் "கால்". இரண்டும் ஒரே பச்சை, ஒரே வட்டம். "ஃப்ரீ கால்" தட்டினால், "இவர் இன்னும் ஆப்பில் சேரவில்லை, அழைக்கவா?" என்று கேட்கிறது. அதாவது இலவசம் என்பது ஆப்பிலிருந்து ஆப்புக்கு மட்டும்தான், அதைத்தான் எல்லா ஆப்பும் தருகிறதே! சாதாரண நம்பருக்குப் போவது இரண்டாவது பட்டன், அதற்கு 'காயின்' வேண்டும். காயின் வேண்டுமானால் விளம்பரம் பார்க்கவேண்டும். ஒரு விளம்பரம் ஓடி முடிந்தால் கொஞ்சம் காயின். நடுவில் மூடினால் ஒன்றும் கிடையாது. மூடுகிற எக்ஸ் குறியோ கடுகளவு, தவறித் தொட்டால் வேறு ஏதோ கேம் இறங்க ஆரம்பிக்கும்.

சேர்த்த காயினை வைத்து அடித்தால் சித்தப்பா எடுக்கவே இல்லை. திரும்பத் திரும்ப அடித்ததில் ஒரு வழியாக எடுத்தார்.

"யாருங்க?"

"சித்தப்பா, நான்தான்."

"நீயா? இது யாரு நம்பர்? எங்க ஊரு நம்பரா காட்டுது. எவனோ கடன் கொடுக்கறவன்னு நெனச்சு கட் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

நான் பேசியது அவருக்குத் தாமதமாகப் போகிறது, அவர் பதில் எனக்குத் தாமதமாக வருகிறது, நடுவில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம். முட்டி ஆபரேஷனுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் ஆரம்பித்தபோது காயின் தீர்ந்து லைன் அறுந்தது. மறுநாள் அவர் அந்த நம்பருக்கே திரும்ப அடித்திருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப்.

இந்த உள்ளூர் நம்பர் விஷயம் எனக்கு உறுத்தியது. போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு கால் சாதாரண நம்பருக்கு வந்தால், அதைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் ஒரு கட்டணம் கொடுத்தே ஆகவேண்டும். நாட்டுக்கு நாடு அது மாறும், சில நாடுகளில் நன்றாகவே அதிகம். நெட் வழியாகப் போனாலும் கடைசி மைல் அந்தக் கம்பெனியின் வலையில்தான் என்பதால் தப்பிக்க முடியாது. ஸ்கைப் காலத்திலேயே ஸ்கைப்பிலிருந்து ஸ்கைப்புக்கு இலவசம், நம்பருக்குக் காசு என்றுதான் இருந்தது. வைபரிலும் நம்பருக்கு அடிக்க 'வைபர் அவுட்' என்று தனியாகக் காசு கட்டவேண்டும். வாட்ஸ்அப் அந்தப் பக்கமே போகவில்லை, லேண்ட்லைனுக்கு அதிலிருந்து அடிக்கவே முடியாது.

அந்தக் கட்டணத்தை ஏய்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. நெட்டில் வருகிற வெளிநாட்டு காலை, அந்த நாட்டில் எங்கோ ஒரு அறையில் வரிசையாக சிம் செருகி வைத்த பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து உள்ளூர் காலாக மாற்றி அனுப்புவது. 'சிம் பாக்ஸ்' என்பார்கள். பல நாடுகளில் சட்டவிரோதம். கண்டுபிடித்தால் அந்த சிம்மை முடக்கிவிடுவார்கள், உடனே வேறு சிம் போடுவார்கள். சித்தப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு உள்ளூர் நம்பர் காட்டியதற்கும், திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்ததற்கும் இதுதான் விளக்கம் என்றார் நண்பர். இன்னொன்றும் சொன்னார்: ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசும்போது வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் இருக்கிற முழுப் பாதுகாப்பு, கால் சாதாரண போன் வலைக்குள் இறங்கியதும் கிடையாது. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, சொத்து விவகாரம் எல்லாம் அந்த வழியாகத்தான் பேசியிருக்கிறோம்.

இனி பணக் கதை. காயின் தீர்ந்ததும் ஒரு பலகை வரும்: "3 நாள் இலவசம், அன்லிமிட்டெட்." கார்டு விவரம் கேட்கும், "இப்போது ஒன்றும் பிடிக்கமாட்டோம்" என்றும் போட்டிருக்கும். பிடிக்கவில்லைதான். அதன் பிறகு வாரக் கட்டணம். மாதமும் இல்லை, வருடமும் இல்லை, வாரம். தொகை சின்னது என்பதால் ஸ்டேட்மென்டில் கண்ணில் படாது, ஆனால் வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மையான கம்பெனியில் காசு கட்டிப் பேசியிருந்தால் ஆகியிருப்பதைவிட அதிகம். "அன்லிமிட்டெட்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அது எங்கே போகிறது என்று பிடித்துப் போனால், நிபந்தனைப் பக்கத்தின் அடியில் நியாயமான பயன்பாட்டு வரம்பு, அழைப்பு இணைந்தாலே ஒரு கட்டணம், விநாடிகள் ஆனாலும் முழு நிமிடமாகக் கணக்கு. சித்தப்பாவின் நாடு அந்த அன்லிமிட்டெட் பட்டியலிலேயே இல்லை!

ஆப்பை அழித்துவிட்டேன். பணம் தொடர்ந்து போனது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் ரத்து செய்யவேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில் இலவச நாட்கள் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிடவேண்டும், கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிடித்துவிடுவார்கள். ப்ளே ஸ்டோரில் பணம் போன 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம், அதற்குப் பிறகு ஆப் கம்பெனியைத்தான் பிடிக்கவேண்டும். இதெல்லாம் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால்தான். ஆப் ஒரு வெப்சைட்டுக்குக் கூட்டிப்போய் அங்கே கார்டு வாங்கியிருந்தால் ஸ்டோரில் ஒன்றும் தெரியாது. எனக்கு நடந்தது அதுதான். வங்கியில் சொல்லி, அந்த கம்பெனிக்கு இனி பணம் போகாதபடி நிறுத்தவேண்டியிருந்தது.

ஆப் கம்பெனிக்கு மெயில் அனுப்பினால் "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்களுக்கு 5 ஸ்டார் கொடுங்கள்" என்று தானியங்கி பதில். வயிற்றெரிச்சலில் ஸ்டோரில் ரிவ்யூ எழுதினேன், அந்த ரிவ்யூவுக்கு அடியில் கம்பெனி பெயரில் ஒரு பதில்: "வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளுங்கள்." தொடர்புகொண்டதும் ஒருவர் வீடியோ கால் போட்டார், கேமராவை மூடி வைத்துக்கொண்டு.

"ரீஃபண்ட் ரெடியா இருக்குங்க. நீங்க ஸ்க்ரீன் ஷேர் மட்டும் ஆன் பண்ணுங்க, நான் வழி சொல்றேன்."

"ஸ்க்ரீன் எதுக்கு? டிரான்ஸாக்‌ஷன் நம்பர் தர்றேன், பாருங்க."

"அது பத்தாதுங்க. சரி, வேணாம்னா விடுங்க. ஒரு கோடு சொல்றேன், டயல் பண்ணுங்க. ஸ்டார், டூ, ஒன், ஸ்டார்…"

அங்கேயே கட் செய்தேன். வாட்ஸ்அப் வீடியோ காலில் 2023-லிருந்து திரையைப் பகிர முடியும். பகிர்ந்துவிட்டால் உங்களுக்கு வருகிற ஓடிபி மேலே எட்டிப் பார்க்கிற அந்த விநாடியில் அவனுக்கும் தெரியும். அந்த ஸ்டார் 21 ஸ்டார் கோடு இன்னும் மோசம். அதற்குப் பின்னால் ஒரு நம்பரைச் சேர்த்து டயல் செய்தால் உங்களுக்கு வருகிற சாதாரண கால் எல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பிவிடும். பிறகு அவன் தன் போனில் உங்கள் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப் திறப்பான், சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணை போன் கால் மூலம் சொல்லச் சொல்லிக் கேட்பான், அந்தக் கால் அவனுக்கே போகும். உங்கள் வாட்ஸ்அப் அவன் கையில். ஏற்கனவே டயல் செய்துவிட்டவர்கள் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும், *#21# அடித்தால் இப்போது திருப்பல் இருக்கிறதா என்று காட்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு ஒரு பின் நம்பர் வைத்துவிட்டால், அந்த 6 இலக்க எண் மட்டும் கிடைத்தவனால் உள்ளே வர முடியாது.

கான்டாக்ட்ஸ் விவகாரம் எனக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. "நான் இந்த ஆப்பில் இலவசமாகப் பேசுகிறேன், நீங்களும் சேருங்கள்" என்று என் நம்பரிலிருந்தே எஸ்எம்எஸ் போயிருக்கிறது. பழைய மேலதிகாரி, பல் டாக்டர், வீட்டு ஓனர், பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு சொந்தக்காரர் உட்பட. வெளிநாட்டு நம்பர்களுக்குப் போனதற்குத் தனியாக எஸ்எம்எஸ் கட்டணமும் பிடித்திருந்தார்கள். அத்தை மட்டும் லிங்க்கைத் தொட்டு சேர்ந்துவிட்டார். "நீ அனுப்புனதுன்னுதானே சேர்ந்தேன்" என்றார். அவர் கான்டாக்ட்ஸில் இருந்தவர்களுக்கும் அப்படியே போயிருந்தது.

இதில் ஏற்கனவே சிக்கியிருந்தால் வரிசை முக்கியம். முதலில் சந்தாவை ரத்து செய்து, ரத்தானதற்கான மெயிலை எடுத்து வையுங்கள். பிறகு ஆப்புக்குள்ளேயே கணக்கை நீக்குங்கள், அந்த வழி புரொஃபைலுக்குள் எங்காவது ஆழத்தில் ஒளிந்திருக்கும். பிறகு போன் செட்டிங்ஸில் அனுமதிகளைப் பிடுங்குங்கள். கடைசியாகத்தான் ஆப்பை அழிக்கவேண்டும். முதலிலேயே அழித்துவிட்டால் கணக்கு அவர்களிடமும் கான்டாக்ட்ஸ் அவர்கள் சர்வரிலும் அப்படியே கிடக்கும்.

சித்தப்பாவுக்கு இப்போது காசு கட்டித்தான் பேசுகிறோம். நிமிடத்துக்கு எவ்வளவு என்று அடிக்கும் முன்பே திரையில் காட்டுகிற, சந்தா இல்லாமல் போட்ட பணத்தில் மட்டும் கழிக்கிற சேவை ஒன்று. போன மாதம் ஸ்டோரில் அந்தப் பழைய ஆப்பைத் தேடினேன், அந்தப் பெயரில் இல்லை. ஆனால் புது மெசேஜ் ஆப் ஒன்று, நீல ஐகான், படங்களில் அதே காயின் பொம்மை. கீழே டெவலப்பர் பெயரைத் தொட்டுப் பார்த்தேன்: அதே பெயர், கூடவே டார்ச் லைட் ஆப், வால்பேப்பர் ஆப், கியூஆர் ஸ்கேனர். இறக்குவதற்கு முன்னால் நீங்களும் அந்தப் பெயரை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.