ஒன்பது மருந்தா, நான்கு மருந்தா: கிளியோபிளாஸ்டோமாவுக்கு இரு கூட்டுகள்

வேறு நோய்களுக்கென வந்த மருந்துகளைச் சேர்த்துக் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியை எதிர்கொள்ளும் முயற்சிகளில் இரண்டு கவனத்துக்குரியவை. ஜெர்மனியின் உல்ம் நகரில் சோதிக்கப்பட்ட கஸ்ப்9 கூட்டில் செர்ட்ராலின், கேப்டோபிரில், டைசல்ஃபிராம் உள்ளிட்ட ஒன்பதும் குறைந்த அளவு டெமோசோலமைடு என்னும் புற்றுநோய் மருந்துடன் சேர்கின்றன. கட்டி தப்பிக்கும் வழிகள் பலவற்றை ஒருசேர அடைப்பதே நோக்கம். ஆனால் அவற்றிலுள்ள இட்ராகோனசோலும் ரிட்டோனாவிரும் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் ஒரே நொதியைத் தடுப்பதால் பிற மருந்துகள் இரத்தத்தில் தேங்கக்கூடும். ஆகவே ஒவ்வொன்றாகத் தொடங்கி அளவை மெல்லக் கூட்டினார்கள். கட்டி மறுபடி வளர்ந்த 10 பேரிடம் நடந்த இந்த முதற்கட்டச் சோதனை முதன்மையாகப் பாதுகாப்பையே அளந்தது.

லண்டன் கிளினிக் ஒன்றின் கூட்டு மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டேட்டின், மெபெண்டசோல், டாக்சிசைக்ளின் என நான்கோடு நிற்கிறது. 2019இல் வெளியான ஆய்வு 95 நோயாளிகளின் இடைநிலை ஆயுளை, அதாவது பாதிப் பேர் கடந்த காலத்தை, 27.1 மாதம் என்றது. எனினும் நோய் தெரிந்தபின் சில காலம் தாக்குப்பிடித்தவர்களே அங்கு வந்துசேர்ந்திருக்கலாம், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை என்பதால், அந்த எண்ணை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.