டியூப் டாப்பா, போனிங் வைத்த டாப்பா?

தோளில் பட்டி இல்லாத ஸ்ட்ராப்லெஸ் டாப் போட்டவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேல் விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டால், அது பெரும்பாலும் டியூப் டாப். அதற்கு எலாஸ்டிக்தான் முக்கியப் பிடிமானம். வியர்த்தால் வழுக்கும், கையைத் தூக்கி இறக்கினால் கீழே சரியும், துவைக்கத் துவைக்கத் தொளதொளவென்று ஆகும். உள்விளிம்பில் சிலிகான் பட்டை இருந்தால் கொஞ்சம் தேவலை.

போனிங் வைத்ததன் கதை வேறு. தையலுக்குள் பிளாஸ்டிக் அல்லது எஃகுப் பட்டைகள் செங்குத்தாக நிற்கும். நல்ல தையலில் உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு நாடாவும் கொக்கியும் இருக்கும். உடையின் பாரத்தை மார்பு தாங்காது, இடுப்பு தாங்கும். 1946-இல் 'கில்டா' என்ற ஹாலிவுட் படத்தில் நடிகை ரீட்டா ஹேவொர்த் ஒரு ஸ்ட்ராப்லெஸ் கறுப்பு கவுனோடு ஆடியும் அது நழுவாததற்கு உள்ளே இருந்த இப்படியொரு கட்டமைப்புதான் காரணம்.

ஆனால் உட்கார்ந்தால் விலாவில் குத்தும், விலையும் கூட. வீட்டில் சும்மா இருக்க டியூப் போதும். மேடை, நடனம், கல்யாணம் என்றால் என் ஓட்டு போனிங்குக்குத்தான். எதை வாங்கினாலும் டிரையல் ரூமிலேயே கையைத் தூக்கி, குனிந்து, இரண்டு குதி குதித்துப் பார்த்துவிடுங்கள்.