அரிய புற்றுநோய்க்கு எந்தக் குழு: வாட்ஸ்அப்பா, ஃபேஸ்புக்கா, பழைய மின்னஞ்சல் குழுவா?

எனக்கு வந்திருப்பது ஜிஸ்ட். இரைப்பை, குடல் சுவரில் வளரும் கட்டி, ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் சொச்சம் பேருக்குத்தான் வரும். எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான குழுக்களை இதற்கு ஒதுக்கிவிடலாம். அன்பாகப் பேசுவார்கள், ஆனால் இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. மீதி மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டு மின்னஞ்சல் குழுவில் தங்கிவிட்டேன், அதனால் இது நடுநிலையான அலசல் கிடையாது.

வாட்ஸ்அப்பின் பலம் வேகம். நடு இரவில் பயந்துபோய் ஒரு வரி போட்டாலும் யாராவது விழித்திருப்பார்கள். ஆனால் உங்கள் நம்பர் குழு முழுக்கத் தெரியும், அதிசய மருந்து ஃபார்வேர்டுகள் வந்துகொண்டே இருக்கும், போன மாதம் ஒருவர் எழுதிய நல்ல பதிலைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஃபேஸ்புக்கில் ஆள் அதிகம், அதே கட்டியோடு இருப்பவர்கள் உலகம் முழுக்கக் கிடைப்பார்கள். அந்தரங்கம்தான் கொஞ்சம் உறுத்தல். மூடிய குழுக்களின் உறுப்பினர் பெயர்களை வெளியாட்கள் மொத்தமாக எடுக்க முடிகிறது என்பதை 2018-ல் மார்பகப் புற்றுநோய் மரபணு மாற்றம் உள்ள பெண்களின் குழு ஒன்றுதான் கண்டுபிடித்தது. அந்த வழியை அப்புறம் அடைத்துவிட்டார்கள், சரி, ஆனாலும் சொந்தப் பெயரில் நோயை எழுதக் கை தயங்குகிறது.

மின்னஞ்சல் குழு பார்க்க அரதப் பழசு. நான் அங்கே இருப்பதற்கு ஒரே காரணம், ஆரம்ப நாளிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, தேடலாம். ஜிஸ்டிலேயே உட்பிரிவுகள் உண்டு. பெரும்பாலோருக்கு கிட் என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் இருக்கும், எக்ஸான் 9 என்றால் தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராமுக்குப் பதில் 800 என்ற பேச்சு வரும், இன்னும் சிலருக்கு வேறு மரபணு. இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் உங்களைப் போன்றவர் இன்றைக்கு ஆன்லைனில் இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஆனால் இத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். இமாட்டினிப் சாப்பிடும் பலருக்கு வரும் தசைப்பிடிப்பைத் தேடினேன். ஒருவர் மக்னீசியம் என்கிறார், அடுத்தவர் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள் என்கிறார், சில வாரம் கழித்துக் கேட்டவரே அதே தலைப்பில் வந்து, டாக்டர் என்ன சொன்னார், பிடிப்பு குறைந்ததா என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசிக் கடிதம் மற்ற இரண்டிலும் என் கண்ணில் பட்டதே இல்லை.

தேதியைப் பார்க்காமல் மட்டும் படிக்காதீர்கள். அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு இமாட்டினிப் அனுமதி கிடைத்தது 2002-ல், அதற்கு முந்தைய கடிதங்கள் வேறு உலகம். டி842வி என்ற மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை பொதுவாக வேலை செய்யாது. அவர்களுக்கும் பயன்படும் அவாப்ரிட்டினிப் என்ற மருந்து அங்கே 2020-ல்தான் அனுமதி பெற்றது, ஆக அதற்கு முன் எழுதியதில் தெரியும் விரக்தியை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, தொடர்ந்து எழுதியவர் திடீரென்று நின்றுவிடுவார். போய்விட்டாரா, குணமாகி இந்தப் பேச்சே வேண்டாம் என்று விலகினாரா, கண்டுபிடிக்க வழியில்லை.

பழைய கடிதங்களுக்காகத்தான் சேருகிறீர்கள் என்றால் அவற்றை யார் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். இப்படிப்பட்ட குழுக்கள் பல ஓடிய யாஹூ குரூப்ஸ் தளம் 2019 கடைசியில் பழைய பதிவுகளை அகற்றத் தொடங்கி, 2020 டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டது. முன்கூட்டியே பிரதி எடுத்து வேறு இடத்துக்கு மாறிய குழுக்கள் பிழைத்தன, மாறாதவற்றில் எழுதியதெல்லாம் போயே போய்விட்டது. நோயாளிகள் அமைப்பு ஒன்று பின்னால் இருந்து நடத்தும் குழுவானால் கொஞ்சம் நம்பலாம். ஒரே ஒரு ஆர்வலரின் தயவில் ஓடுகிறதென்றால், அவரும் நோயாளியாக இருக்கலாம், அவருக்கு முடியாமல் போனால் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம், அதை அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அந்தக் கடிதங்களைப் படித்தால் என் மனைவிக்குத் தூக்கம் போய்விடுகிறது. அவள் வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறாள், தனக்கு அது போதும் என்கிறாள்.