வன்னியில் ஒரு கேமிங் கணினி: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 4060 பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியில் எமது வீட்டில் இப்போது ஓடும் கணினியில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசசரும் திரையில் வரும் படத்தை உருவாக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 விஜிஏ கார்ட்டும் உள்ளன. 1080 (1920 × 1080 புள்ளிகள் கொண்ட) திரையில் விளையாடுபவர் யாராக இருந்தாலும் இந்தக் கார்ட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புரொசசரை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காணொளிகளில் வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு வாங்குபவர் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: பொருள் எத்தனை வாட் இழுக்கும்? பழுதுபட்டால் அது கொழும்புக்குப் போய் வரும்வரை கணினி என்ன நிலையில் இருக்கும்?

முதற் கேள்வியில் 4060 இலகுவாக வெல்கிறது. 2023 யூனில் 299 டொலர் விலையோடு வெளிவந்த இக்கார்ட்டின் உச்ச மின்நுகர்வு 115 வாட் மட்டுமே. அதே தரத்தில் வைத்துப் பேசப்படும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்ட்டுக்கு 165 வாட், முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 3060 இற்கு 170 வாட், இன்டெலின் ஆர்க் பி580 இற்கு 190 வாட் தேவை. இந்த வேறுபாடு மின்கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது, யூபிஎஸ்ஸில்தான் தெரியும். எமது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட் அளவுதான் தரும். 5600 புரொசசர் உச்சத்தில் 76 வாட் வரை இழுக்கும். அதனோடு கார்ட்டின் 115 வாட்டையும் மதர்போர்ட், மின்விசிறிகள், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கு ஓர் ஐம்பதையும் பவர் சப்ளையில் வீணாகும் பங்கையும் திரையையும் கூட்டினால் ஏறத்தாழ 300 வாட் வருகிறது. 7600 ஐப் போட்டால் அதே கணக்கு 360 இன் விளிம்பைத் தொடும். பி580 ஐப் போட்டால் விளிம்பைத் தாண்டும். அப்போது மின்சாரம் நின்ற கணத்தில் யூபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டுத் தானும் நின்றுவிடும். 2022 இல் அனுபவித்த பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இன்று இல்லைத்தான். ஆனால் மாரியில் கிளை முறிந்து கம்பியில் விழுவதும், மின்சாரம் போய் வந்து மீண்டும் போவதும் இங்கு யாருக்கும் புதிதல்ல. யூபிஎஸ் தரும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் விளையாட்டைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கே என்றாலும், அந்த நிமிடங்கள் கிடைக்க வேண்டும். மலிவான யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது படிப்படியான அலை வடிவத்திலேயே மின்சாரம் தருவதால், சில பவர் சப்ளைகள் அந்த மாற்றத்தைத் தாங்காமல் அணைந்துவிடுவதுண்டு. கடையிலேயே இரண்டையும் இணைத்து, கேம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது செருகியைப் பிடுங்கிப் பார்க்குமாறு கேட்பதில் தவறில்லை.

வெப்பமும் இதே கணக்கின் மறுபக்கமே. கார்ட் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் சூடாகவே வெளியேறுகிறது. சித்திரை வெயிலில் 35 பாகையைத் தொடும், தகரக் கூரை போட்ட அறையில் பி580 ஐவிட எழுபத்தைந்து வாட் குறைவு என்பது உடம்புக்கே தெரியும். இரண்டு விசிறிகள் கொண்ட சாதாரண 4060 மாதிரியே போதும். மூன்று விசிறி மாதிரிகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். அந்தப் பணத்தில் முன்பக்கம் வலையும் தூசு வடிகட்டியும் உள்ள கேஸிங் வாங்கலாம். கிரவல் வீதியோரம் வீடு உள்ளவர்கள் சோளகம் வீசும் மாதங்களில் அந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், செம்புழுதி ஒரு துணிபோலப் படிந்திருப்பதைக் காண்பார்கள்.

கார்ட்டின் உண்மையான குறை அதன் 8 ஜிபி நினைவகம். 2023 மார்ச்சில் த லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் ஒன்று கணினிக்கு வந்தபோது, 8 ஜிபி கார்ட்டுகளில் காட்சிகள் திணறியமை பெரிய விவாதமாயிற்று. அதற்குப் பின் வந்த பெரிய கேம்கள் பலவற்றிலும் டெக்ஸ்சர் (பரப்புகளின் பட நுணுக்கம்) அளவை உச்சமான அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கினால் 1080 திரையில் குறை சொல்லும்படி எதுவும் இல்லை. 1440 (2560 × 1440) திரை வைத்திருப்பவர் இதை வாங்குவது புத்தியல்ல. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 நுட்பத்தில் இடையிடையே கூடுதல் ஃபிரேம்களை உருவாக்கும் வசதியை இதன் பெரும்பலமாக விளம்பரம் காட்டுகிறது. அந்த வசதியே கூடுதல் நினைவகம் கேட்கும் என்பதையும், ஏற்கெனவே ஐம்பது அறுபது ஃபிரேம் வரும் இடத்தில்தான் அது அழகாக வேலை செய்யும் என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 வேகத்தில் முன்னே நிற்கிறது. ஆனால் 145 வாட் இழுத்துக்கொண்டு அதே 8 ஜிபியோடுதான் அதுவும் வந்தது. விலை வேறுபாடு சிறிதென்றால் அதை எடுக்கலாம். 12 ஜிபி உள்ள பி580 காகிதத்தில் கவர்ச்சியானது என்றாலும், 2025 தொடக்கத்தில் வெளியான சோதனைகளில் 5600 போன்ற புரொசசர்களோடு சேரும்போது சில கேம்களில் அதன் வேகம் கணிசமாக விழுந்தது.

இனிப் புரொசசர். இங்கு கடைகள் தரும் விலைக்கூற்றுத் துண்டுகளில் 'ரைசன் 5, 8 ஜிபி விஜிஏ' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் 5500, 5600ஜி, 5600 ஆகிய மூன்றும் அடங்கும். மூன்றிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள் இருப்பதால் விற்பவர் சொல்வது பொய்யும் அல்ல. 5600 இல் 32 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) உள்ளது. மற்ற இரண்டிலும் 16 எம்பி மட்டுமே. அதைவிட முக்கியமாக, அவ்விரண்டும் கார்ட்டோடு தரவைப் பரிமாறும் பிசிஐஇ இணைப்பின் பழைய 3.0 பதிப்போடு நின்றுவிடுகின்றன. 4060 எட்டுப் பாதைகளில் மட்டுமே தரவைக் கடத்தும் கார்ட் ஆகையால், 5600 தரும் 4.0 இலிருந்து 3.0 இற்கு இறங்கும்போது கடத்தும் அளவு பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பிச் சாதாரண ராமிலிருந்து தரவை இழுக்க வேண்டிய தருணத்தில்தான் அந்தப் பாதி உறைக்கும். அதாவது கார்ட்டின் குறையைப் பிழையான புரொசசர் பெரிதாக்கிவிடும். பி450 மதர்போர்ட்டில் போட்டாலும் இதே கதைதான் என்பதால் பி550 கேட்டு வாங்க வேண்டும். துண்டில் முழு மாதிரிப் பெயரையும் எழுதித் தரும்வரை முற்பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

5600 இன் வேகத்தில் எனக்குக் குறையில்லை. வலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்று கார்ட்டைவிடப் புரொசசரை நம்பி ஓடும் கேம்களிலும் விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹேர்ட்ஸ் திரைக்கு இது போதும். (சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, சிக்னல் குறைந்த ரவுட்டரால் வரும் பிங்கை, அதாவது இணையத் தாமதத்தை, புரொசசர் திருத்தாது, அதற்காக ஐ7 வாங்கப் புறப்பட்டவர்களையும் அறிவேன்.) எனது தயக்கம் வேறு. 5600 இற்குள் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. விஜிஏ கார்ட் உத்தரவாதத்துக்காகக் கொழும்புக்குப் போனால், அது திரும்பும்வரை கணினியில் படமே வராது. பம்பலப்பிட்டியில் இருப்பவருக்கு இது ஒரு சிறு சங்கடம். அதே கணினியில் உயர்தரப் பாடங்களைப் படிக்கவும் ஒப்படைகளைச் செய்யவும் வேண்டிய முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அப்படியல்ல. ஆகவே எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர் இன்டெல் கோர் ஐ5 12400 ஐ எடுப்பதே மேல். அதுவும் பெயரின் முடிவில் எஃப் எழுத்து இல்லாததை, ஏனெனில் எஃப் உள்ளதில் கிராபிக்ஸ் கிடையாது. பணம் கூட இருந்தால் ரைசன் 5 7600: சிறியதாயினும் உள்ளிணைந்த கிராபிக்ஸ் உண்டு, அது பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்ட்டில் பின்னாளில் புதிய புரொசசரும் போடலாம். அதற்கு டிடிஆர்5 ராம் வேண்டும். 2025 இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் அந்த யோசனையைப் பலருக்குக் கனவாக்கிவிட்டது. 5600 பொருந்தும் ஏஎம்4 வகை மதர்போர்ட்டும் டிடிஆர்4 ராமும் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு மட்டும் 5600 இன்னும் நல்ல கொள்முதலே.

பாவித்த கார்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு திகதி உதவும். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்ட்டுகளால் அகழ்வது (ஓயாமல் கணக்கிட வைத்து ஈட்டுவது) 2022 செப்ரெம்பர் 15 உடன் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் விற்பனையான 3060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 580 ஆகியவை இரவு பகலாக உழைத்துக் களைத்தவையாக இருக்க வாய்ப்புண்டு. 4060 அதற்குப் பின் பிறந்ததால் அந்த ஐயம் அதற்கில்லை. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2048 ஷேடர்கள் (கார்ட்டின் சிறு கணக்கீட்டு அலகுகள்) மட்டுமே உள்ள வலுக்குறைந்த மாதிரியும் உலாவுகிறது, அசலில் 2304.

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைக் கடையிலேயே வாசிக்க வேண்டும். எரிந்த அடையாளம், மின்னல் பாதிப்பு, துரு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். கடற்கரையை அண்டி வாழ்வோரும், வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியாக இல்லாதோரும் அதை அலட்சியம் செய்ய முடியாது. கொழும்பில் பொருத்திய கணினியைப் பேருந்தில் ஏற்றுவதாயின், விஜிஏ கார்ட்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியே கொண்டுவர வேண்டும். கொழும்பிலிருந்து ஏழெட்டு மணிநேரம் குலுங்கி வரும் கார்ட்டின் பாரத்தை மதர்போர்ட்டின் பிளாஸ்டிக் ஸ்லொட் தாங்க வேண்டிய தேவையில்லை. பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்பதையும், கடையை விட்டு இறங்குமுன் பார்த்துக்கொள்ளலாம்.