ஆயிரம் ஒளிப்பிடமா, ஒரே குதிரா?

கனடாவின் வடக்கே ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள் மைல் கணக்கில் நிற்கும் காட்டில், வருடத்தில் பாதிக்கு மேல் பனிதான். பறவைகளில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். கரடி குகைக்குள் போய்ப் படுத்துவிடும். ஊரை விட்டும் போக மாட்டேன், தூங்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஜீவன்களும் உண்டு. அவற்றில் இரண்டு, கனடா ஜே என்கிற பறவையும் அமெரிக்கச் செவ்வணிலும். இரண்டுக்குமே பிழைப்பு சேமிப்பில்தான். சேர்த்து வைக்கும் விதம் மட்டும் நேரெதிர்.

கனடா ஜே காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பல் நிறம், எடை 70 கிராம் சொச்சம். கிரீ பழங்குடியினரின் கதைகளில் வரும் குறும்புக்காரர் விசகெஜாக்கின் பெயர், வெள்ளைக்காரர் வாயில் 'விஸ்கி ஜாக்' என்று திரிந்து இதற்குப் பட்டப்பெயராகிவிட்டது. விஸ்கி மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகாம் போட்டவர்கள் தட்டில் கைவைக்கும் குறும்பு மட்டும் பொருத்தம்.

பூச்சி, பழம், காளான், ஓநாய் தின்றுவிட்டுப் போன மிச்சம் என்று எது கிடைத்தாலும் ஜே அதை வாய்க்குள் உருட்டி, எச்சிலில் நன்றாகத் தோய்க்கும். அந்த எச்சில் கோந்து மாதிரி பிசுபிசுக்கும். உருண்டையை மரப்பட்டை இடுக்கில் ஒட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். இப்படி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒளித்து வைக்க இதனால் முடியும். இடங்களை எழுதி வைக்கவா முடியும்? எல்லாம் மனக்கணக்குதான்.

செவ்வணிலுக்கு மனக்கணக்கில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. கால் கிலோ எடைகூடத் தேறாத இந்தப் பிராணி, விதையைப் பொதிந்து வைத்திருக்கும் ஸ்புரூஸ் கூம்புகள் முற்றி வெடிப்பதற்கு முன்பே உச்சாணிக் கிளைக்கு ஏறி, ஒவ்வொன்றாகக் கடித்துக் கீழே போடும். வெடித்துவிட்டால் விதையைக் காற்று கொண்டுபோய்விடும் அல்லவா? அப்புறம் கீழே இறங்கி, எல்லாவற்றையும் ஒரே மேட்டுக்குள் புதைக்கும். அந்த மேடு பல வருடமாகத் தின்று துப்பிய கூம்புச் செதில்களால் ஆனது. உள்ளே ஈரமும் குளிர்ச்சியும் இருப்பதால் கூம்பு விரியாது, விதையும் கெடாது. ஒரு வருடத்துச் சரக்கு அடுத்த வருடத்துக்கும் நிற்கும்.

சரி, திருட்டு பயம் யாருக்கு அதிகம்? சந்தேகமே இல்லை, அணிலுக்குத்தான். ஜேயின் ஓர் உருண்டையை எவனாவது கண்டுபிடித்தால் போவது அந்த ஓர் உருண்டை. அணிலின் மேட்டைப் பிடித்தால் மொத்தமும் போச்சு. அதனால் அது நாள் முழுக்கக் காவல் காத்து, 'கடகட'வென்று கத்திக்கொண்டே இருக்கும். 'இது என் இடம், வராதே' என்று மற்ற அணில்களுக்கு எச்சரிக்கை. எனக்கென்னவோ 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' கதைதான் ஞாபகம் வருகிறது.

கெட்டுப்போகும் விஷயத்தில் கணக்கு தலைகீழ். கூம்பு தானியம் மாதிரி. ஜே ஒளித்ததோ இறைச்சியும் பழமும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டி அந்தக் காட்டுக் குளிர்தான். ஸ்புரூஸ், பைன் மரங்களில் ஒட்டியது மற்ற மரங்களில் ஒட்டியதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் இலையுதிர் காலத்தில் உறைவதும் உருகுவதுமாக இருந்தால் சரக்கு அழுகிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் பூங்கா இந்தப் பறவையின் வாழிடத்துக்குத் தெற்கு எல்லை. அங்கே 1970களுக்குப் பிறகு இதன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. இலையுதிர் காலம் சூடாவதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாதிப்பு என்றால், ஜே பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், சுற்றிலும் பனி கிடக்கும்போதே கூடு கட்டி முட்டையிடும். கம்பளிப்புழுவின் கூட்டுப் பட்டு நூலைச் சுள்ளிகளுக்கு நடுவே வைத்து, உள்ளே இறகு பரப்பி மெத்தை போடும். அந்த நேரத்தில் காட்டில் புதிதாக எதுவும் முளைத்திருக்காது. ஒளித்து வைத்தது அழுகியிருந்தால் குஞ்சுக்கு எதை ஊட்டுவது?

அணிலுக்கு வேறு தலைவலி. வெள்ளை ஸ்புரூஸ் எல்லா வருடமும் காய்க்காது. சில வருடம் கொட்டும், பல வருடம் ஒன்றுமே இருக்காது. கனடாவின் வடமேற்கில் உள்ள யூகான் பிரதேசத்தின் குளுவானே பகுதியில் 1987 முதல் இந்த அணில்களுக்குக் காதில் அடையாளம் போட்டுக் கவனித்து வருகிறார்கள். அங்கே தெரியவந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்புதான்: அமோகமாகக் காய்க்கப்போகும் வருடத்தில், கூம்பு முற்றுவதற்கு முன்பே அணில்கள் கூடுதலாகக் குட்டி போடுகின்றன. 2006-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

சாமர்த்தியம் என்று பார்த்தால் நான் ஜே பக்கம். ஆயிரக்கணக்கான இடங்களைத் தலைக்குள் வைத்திருக்கும் பறவையை மெச்சாமல் எப்படி இருப்பது? ஆனால் தலைக்குள் இருக்கும் கணக்கைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ஜூன் மாதம் வந்தால் குஞ்சுகளில் பலசாலி ஒன்று மற்றவற்றை விரட்டிவிட்டுப் பெற்றோரிடம் ஒட்டிக்கொள்ளும். விரட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

அணில் மேடோ கண்ணுக்குத் தெரியும் சொத்து. உரிமையாளர் செத்தாலும் இன்னொரு அணில் வந்து குடியேறும். ஒரே மேடு பல தலைமுறைக்கு ஓடும். மேடு கிடைக்காத குட்டி முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது அபூர்வம். அதனால்தான் குளுவானேயில் சில தாய் அணில்கள், கூம்பு நிறைந்த தங்கள் மேட்டைக் குட்டிக்கு விட்டுவிட்டு, வேறு இடம் தேடிப் போய்விடுகின்றன.